அரிசி மா என்று சொன்னோம்

என் அப்பன், என் பிள்ளை,

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. பின்னேர வேலை முடிந்து, கடைசி பஸ்ஸில் வந்து, குளித்துச் சாப்பிட்டு இப்போதுதான் குசினி மேசையில் இருக்கிறேன். இன்றைக்குத் தொழிற்சாலையில் முழுக்கக் காளான் சூப்தான் ஓடியது. எவ்வளவு கழுவியும் தலைமயிரில் வெங்காயத்தூள் மணக்கிறது. அப்பா படுத்துவிட்டார். பகலில் எழுதலாம்தான். ஆனால் பகலில் அவர் நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்கமாட்டார், கேட்காமலே மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார். போனில் நான் அனுப்புவதையெல்லாம் நீ பார்க்கிறாய் என்று தெரியும், இரண்டு நீலக் கோடும் விழுகிறது. பதில்தான் இல்லை. கடதாசியில் எழுதினால் கோடு விழுந்ததா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாக மற்றதை எழுதுகிறேன். அப்பா இந்தக் கோடையில் யாழ்ப்பாணம் போகிறார். ஜேர்மனிக்கு வந்த பிறகு ஒருமுறைகூடப் போகாத மனிசன், தகப்பனின் செத்தவீட்டுக்கே போகாதவர், இப்போது போகிறார். நெல்லியடியில் ஒரு அம்மாவைக் கண்டு ஒரு விசயம் சொல்லவேண்டுமாம். தனியே போய் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவார். ஆனால் உன்னைக் கேட்கமாட்டார். உனக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்று என்னையும் கேட்டிருக்கிறார். நான் சொல்லப்போகிறேன். அதற்காக அவர் என்னோடு கதைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை. கதைக்காத ஆட்களோடு சீவிக்க எனக்கு இப்போது பழகிவிட்டது.

நீ பிறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் அந்த ரீச்சர் என்னைப் பார்த்து, அம்மா வரவில்லையா, அக்காவை அனுப்பியிருக்கிறாவா என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ அதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாய். அப்பா சிரிக்கவில்லை, கண்ணாடியில் தன் நரையைப் பார்த்தார். நீ எழுத்துப் பழகிய இதே மேசையில்தான் நானும் உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். உன் பக்கத்தில் மாடும் கோழியும் கீறியிருக்கும், என் பக்கத்தில் பக்ரீரியா. எது கெட்டது, எது நல்லது என்று நீ கேட்பாய். தயிரில் இருந்தால் நல்லது, கோழி இறைச்சியில் இருந்தால் கெட்டது என்பேன். பிறகு நீ கார்ஹிங்குக்குப் படிக்கப் போய், பெரிய குழாய்களும் தொட்டிகளும் வைத்துச் செய்கிற பொறியியலைப் படிக்கிறேன் என்றபோது, எங்கோ போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. சுற்றிக்கொண்டு என் மேசைக்கே வந்தாய், கையில் ஒடியல் மாவோடு.

அந்த முதல் நாளை நான் மறக்கமாட்டேன். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்து இடித்த மாவில் ஒரு கசப்பு இருக்கிறது. அது போக நாங்கள் தண்ணீரில் ஊறவிட்டு, வடித்து, திரும்ப ஊறவிட்டு, வடித்து, பொறுமை முடியும்வரை செய்வோம். நீ உன் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்றில் மாவை நிரப்பி, கீழிருந்து மேலாகக் குளிர்ந்த தண்ணீரை மெதுவாகத் தள்ளி, கசப்பை மட்டும் அதோடு போகவைத்தாய். பிறகு சூடு காட்டாமல் உலர்த்தி, மணல் மாதிரிக் குருணியாக்கி ஒரு சின்னக் கடதாசிப் பக்கெட்டில் கொண்டுவந்தாய். சுடுதண்ணீர் விட்டால் கட்டி படாமல் கூழ் தடிக்கும் என்றாய். நான் நம்பவில்லை. குளிர்பெட்டியில் கிடந்த இறாலையும் நண்டையும் போட்டுக் காய்ச்சி, கடைசியில் உன் பக்கெட்டைக் கொட்டினோம். தடித்தது, அப்பன். ஒரு கட்டி இல்லை. உன்னோடு வந்த அந்த ஜேர்மன் பெடியன் முகமெல்லாம் வேர்த்து, மூக்கைச் சீறிச் சீறி இரண்டாவது கோப்பை கேட்டான். அப்பா ஒரு அகப்பை குடித்துப் பார்த்து, "உப்புக் காணாது" என்றார். அவர் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. என் கலியாணத்தன்று சாப்பாட்டுக்கும் அதைத்தான் சொன்னாராம்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என் வேலை அது, தம்பி. ஒரு புதிய பொருள் தொழிற்சாலைக் கதவைத் தாண்டும்போது இது என்ன, எங்கிருந்து வந்தது, இதைச் சாப்பிட யார் அனுமதித்தார் என்று கேட்கத்தான் எனக்குச் சம்பளம். நீ வடமராட்சியில் சாந்தி அக்காவின் பெண்கள் சங்கத்தோடு கதைத்து, அவர்கள் உனக்காகப் புதிதாகக் காயவைக்கும் இயந்திரம் எடுத்து, மா அனுப்பத் தயாராகிவிட்டார்கள் என்று நீ துள்ளிக்கொண்டு வந்து சொன்னபோது நான்தான் சட்டத்தைச் சொன்னேன். ஐரோப்பாவில் குறிப்பிட்ட ஒரு ஆண்டுக்கு முன்னர் கணிசமாகச் சாப்பிடப்படாத எதுவும் இங்கே புதிய உணவு. அதை விற்க முதலில் அனுமதி வேண்டும். ஊரில் தலைமுறையாகச் சாப்பிட்டதைக் காட்டி அனுமதி கேட்கிற வழியும் இருக்கிறது, ஆனால் அதற்குச் சோதனைக்கு மேல் சோதனை, வருசக்கணக்கில் காத்திருப்பு. அதெல்லாம் பெரிய கம்பனிகள் செய்கிற வேலை. உன்னைப் போன்ற ஒரு மாணவனுக்கும் சாந்தி அக்காவுக்கும் இருந்தது ஒரே ஒரு வழி. அந்த ஆண்டுக்கு முன்னரே இங்குள்ள தமிழர்கள் ஒடியல் மா சாப்பிட்டார்கள், கடையில் வாங்கினார்கள் என்று காட்டுவது.

நீ சிரித்தாய். அவ்வளவுதானா, அம்மா என்றாய். எசனிலும் வுப்பர்டாலிலும் எந்தத் தமிழ் வீட்டைத் தட்டினாலும் சாட்சி வரும், அப்பாவின் கடையிலேயே விற்றதுதானே என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாப்பிட்டது உண்மைதான். ஆனால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த உண்மையை எப்படிப் பொதி கட்டி அனுப்பினோம் என்பதை நானும் மறந்துபோனேன்.

ஊரிலிருந்து வந்த பொதி எதையும் நினைத்துப்பார். துணிப்பையில் மா, சுற்றி ஒரு சீலை, மேலே ஒரு பிஸ்கற் பெட்டி. வெளியே என்ன எழுதியிருக்கும்? அரிசி மா. மிளகாய்த்தூளைத் தவிர, தூளாக இருந்த எல்லாமே அரிசி மாதான். ஒடியல் மா, குரக்கன் மா, உளுத்தம் மா, வறுத்த சத்துமா, எல்லாம். அரிசி என்றால் அவர்களுக்கு விளங்கும், மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்று யாரோ ஒருவர் முதலில் சொல்லியிருக்கவேண்டும். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் கலியாணத்துக்காக இங்கே வந்தபோது விமான நிலையத்தில் அந்த அதிகாரி என் பையைத் திறந்து மாவைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு அப்போது இவர்களின் டொச் மொழியில் தெரிந்த ஒரே சொல்லை, அப்பா போனில் பாடமாக்கி வைத்த சொல்லை, சொன்னேன். றைஸ்மேல். வணக்கம் சொல்லப் பழகுவதற்கு முன்னரே அரிசி மா சொல்லப் பழகினேன். அந்தப் பொய் உனக்கு உதவாது. நான் சட்டம் குறித்த ஆண்டுக்குப் பிந்தி வந்தவள், என் பொய்யும் பிந்தியதுதான்.

எசனுக்கு நானும் உன்னோடு வந்தேனே, குணம் அண்ணை வீட்டுக்கு. அந்தப் பின்னேரத்தை இப்போது திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்து அவர் எவ்வளவு சந்தோசமாகக் கதைத்தார். அகதி முகாமில் இருந்த காலத்தில் உடுப்பு அவிக்கிற பெரிய அலுமினியச் சட்டியைக் கழுவி எடுத்து அதில் கூழ் காய்ச்சினார்களாம். முகாம் பொறுப்பாளர் வந்து எட்டிப் பார்த்து, இவர்கள் சுவருக்குத் தாள் ஒட்டப் பசை காய்ச்சுகிறார்கள் என்று நினைத்து, வீட்டைத் திருத்துவதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். நீ சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினாய். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பையிலிருந்து கடதாசியையும் பேனையையும் எடுத்தாய்.

அந்தக் கடதாசியின் டொச்சைத் திருத்தியவள் நான். "இன்ன காலத்தில் இன்ன பொருளை இன்ன இடத்தில் பெற்று உட்கொண்டேன் என்று இதனால் உறுதிப்படுத்துகிறேன்" என்று எழுதினோம். எனக்கும் உனக்கும் அது விண்ணப்பத்தின் மொழி. குணம் அண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்தபோது அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். அவருக்கு அது விசாரணை அறையின் மொழி. எப்போது வந்தாய், எந்த வழியாக வந்தாய், யார் கொண்டுவந்தது, உறுதிப்படுத்து, கையெழுத்து வை. கடதாசியை மெதுவாக உன் பக்கம் தள்ளினார்.

"அதெல்லாம் அரிசி மாதான், தம்பி."

குசினி வாசலில் நின்ற அண்ணையின் மனிசி விடவில்லை. "அப்ப அந்தக் கூழ் என்னத்திலயப்பா காய்ச்சினனீங்கள்?" என்றா. அண்ணை திரும்பிப் பார்க்கவே இல்லை. "நீ உள்ள போ. பெடியன் ஏதோ கேக்கிறான், எனக்கு எழுத்தில குடுக்க ஏலாது" என்றார். சிற்றிசன் எடுத்து எத்தனையோ காலம், பென்சனும் வருகிறது, பேரப்பிள்ளை நகரசபையில் வேலை. ஆனாலும் ஏலாது. வெளிக்கிடும்போது ரோல்ஸைப் பெட்டியில் போட்டு உன் கையில் திணித்தார். போன வீடெல்லாம் அப்படித்தானே நடந்தது. வாயால் ஓம், கையால் இல்லை. ரெயினில் வரும்போது நீ மடியில் அந்த ரோல்ஸ் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தாய். உனக்கு ஒன்று சொல்லவேண்டும் என்று அப்போதே நினைத்தேன், சொல்லவில்லை. இனி நீ எந்த ஊரில் எந்த மனிதரிடம் சாட்சி கேட்கப் போனாலும், முதல் நாள் பேனையை வீட்டில் வைத்துவிட்டுப் போ. இரண்டாம் நாளும் வைத்துவிட்டுப் போ. அவர்கள் தங்கள் வாயால் "உதை எங்கேயாவது எழுதி வை, தம்பி" என்று சொல்லும்வரைக்கும் பொறுத்திரு. உன் குழாயில் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் மாவும் சேர்ந்து அள்ளுண்டு போகும் என்று நீதானே எனக்குச் சொன்னாய்.

கடைசியில் அப்பா. அவரை நீ கடைசிக்கு வைத்ததே, அவர் மறுக்கமாட்டார் என்ற நம்பிக்கையில். கடைக்காரனின் ஒரு கையெழுத்து பத்து வீட்டுக் கையெழுத்துக்குச் சமன் என்றாய். நத்தார் விடுமுறை, யன்னலில் கிறிஸ்மஸ் விளக்கு, வெளியே மழை, மேசையில் இடியப்பம். நீ கடதாசியை அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துடைத்து, வந்து இருந்து வாசித்தார். பிறகு நிமிர்ந்து, உன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"என்ரை கடையில ஒடியல் மா விக்கிறேல்லை."

நீ முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தாய். அவர் திரும்பவும் அதே வசனத்தை, ஒரு சொல்லும் மாறாமல், அதே குரலில் சொன்னார். அதற்குப் பிறகு நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். நீங்கள் எல்லோரும் பயந்து பயந்தே இங்கே இருந்ததையே இல்லாமல் ஆக்கிவிட்டீர்கள் என்றாய். சாந்தி அக்காவுக்கு நான் என்ன சொல்வது என்று கேட்டாய். கோபம் ஏற ஏற உன் தமிழ் போய்விட்டது, டொச்சில் அவரைக் கோழை என்றாய். நீ அன்றே பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாய். சில நாள் கழித்து அப்பா என்னிடம் வந்து, அவன் சொன்ன அந்தச் சொல்லுக்கு டொச்சில் வேறு அர்த்தம் ஏதும் இருக்கோ என்று கேட்டார். நாற்பது வருசம் இந்த நாட்டில் கடை நடத்திய மனிசன். இல்லை என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

விண்ணப்பத்தை நீ திருப்பி எடுத்துவிட்டாய் என்று சாந்தி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவவுக்கு உன்னில் கோபமில்லை, அதை நீ அறியவேண்டும். குரல் பதிவில் சிரித்துக்கொண்டுதான் சொன்னா, கனடாவில் ஒரு யாவாரி எடுக்கிறாராம், இயந்திரம் சும்மா கிடக்கவில்லையாம். உன் குழாய் யோசனையை அங்கே பெரிதாகச் செய்து பார்க்கலாமோ என்று கேட்டா, அதற்கும் நீ பதில் போடவில்லையாம். ஆகவே, அப்பன், இனி அப்பா கையெழுத்து வைத்தாலும் அதனால் இங்கே ஒரு பக்கெட்டும் விற்கப்போவதில்லை. சாமான் தன் வழியைத் தானே தேடிக்கொண்டு வேறு கண்டத்துக்குப் போய்விட்டது. நீயும் அப்பாவும் மட்டும் அந்த மேசையிலேயே நிற்கிறீர்கள். அதனால்தான் இந்த விசயத்தை உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குக் கையுதவிக்குக் கடைக்குப் போயிருந்தேன். ஒல்லாந்திலிருந்து சாமான் வந்திருந்தது. அவர் அரிசி மாப் பக்கெட்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே தொங்கு ரயில் போகும்போது அந்தத் தட்டு லேசாக அதிருமே, அந்த மூலையில். நான் விலை ஒட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "நீர் ஒருக்கா இதில இரும்" என்றார். எண்ணெய்ப் பெட்டியின் மேல் இருந்தேன். அவர் இருக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, பக்கெட்டுகளை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டே சொன்னார்.

யோகன் என்று ஒருவர். உனக்கு அந்தப் பெயர் தெரியாது, எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அப்பாவோடு முகாமில் ஒரே அறை. அப்பா கடை தொடங்கிய காலம் அது. கடை அப்பாவின் பெயரில்கூட இல்லை, விசா கிடைத்த இன்னொருவரின் பெயரில். அப்பாவுக்கும் யோகனுக்கும் அகதி வழக்கு முடியவில்லை. தங்கள் மாவட்டத்தைத் தாண்டிப் போகவே அனுமதியில்லாத காலம். பாரிசுக்கு விமானத்தில் ஒடியல் மா வந்து இறங்கும், அங்கிருந்து ஆராவது காரில் கொண்டுவரவேண்டும். யோகனுக்குக் கார் ஓடத் தெரியும், பயம் தெரியாது. எல்லையில் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். றைஸ்மேல். எனக்குப் போனில் சொல்லித் தந்த அதே சொல்.

பல தடவை கொண்டுவந்தார். ஒரு தடவை ஆஹன் எல்லையில் நிறுத்தினார்கள். காரின் பின்பக்கம் நிறையத் துணிப்பைகளில் வெள்ளை மா. அரிசி மா என்றார் யோகன். அவர்கள் அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போதைமருந்து இல்லை என்று வந்தது. அரிசியும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் உண்மையைச் சொன்னார், இது ஒடியல் மா, பனையில் வருகிறது, நாங்கள் சாப்பிடுகிறது, வுப்பர்டாலில் இன்ன கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று. அவர்கள் அதைச் சரிபார்க்கக் கடைக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில் அப்பா பக்கெட் அடுக்குவதை நிறுத்தினார்.

"பொலிஸ் கேட்டது, இந்த மா உன்ரை கடைக்கோ எண்டு. நான் சொன்னன், என்ரை கடையில ஒடியல் மா விக்கிறேல்லை எண்டு."

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன. எழுதிக்கொண்டு போட்டாங்கள்."

அதே வசனம், அப்பன். நத்தார் அன்று உனக்குச் சொன்னது, ஒரு சொல்லும் மாறாமல். அன்றைக்கு அவர் சுவரைப் பார்த்துச் சொன்னது ஏன் என்று எனக்கு அந்த எண்ணெய்ப் பெட்டியில் இருந்தபோதுதான் விளங்கியது. அவர் உன்னோடு கதைக்கவே இல்லை. நீ ஒரு கடதாசியை அவர் முன்னால் வைத்தபோது அவருக்கு அந்தப் பழைய கடதாசி தெரிந்திருக்கிறது.

மாவைப் பற்றியே பொய் சொன்னவன் மற்றதில் மட்டும் உண்மை சொல்வானா என்று யோகனின் வழக்கில் கேட்டார்களாம். ஊரில் அவருக்கு நடந்தவற்றை, உடம்பிலே அடையாளம் இருந்தவற்றைக்கூட, நம்பவில்லை. திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கினார் என்று மட்டும் தெரியும். அதற்குப் பிறகு இன்றுவரை ஒருவருக்கும் ஒரு செய்தியும் இல்லை. அப்பாவின் வழக்கு அடுத்த வருசம் வென்றது. நான் வந்தது, நீ பிறந்தது, இந்த வீடு, நீ கார்ஹிங்கில் படிப்பது எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. நான் அழவில்லை. அவருக்கு முன்னால் எப்படி அழுவது? விலை ஒட்டுகிற இயந்திரம் கையில் இருந்தது, மிச்சப் பக்கெட்டுகளுக்கும் ஒட்டினேன்.

அவர் செய்தது சரி என்று உன்னிடம் வாதாட வரவில்லை. நான் அந்த இடத்தில் இருந்ததில்லை. டொச் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பெடியனாக, பொலிஸ்காரன் முன்னால், வேறொருவரின் பெயரில் இருந்த கடைக்குள் நின்றதில்லை. நீயும் நின்றதில்லை. நான் உன்னிடம் கேட்பது, அந்த டொச் சொல்லை அவருக்குச் சொன்னாயே, அதைத் திருப்பி எடு என்றுகூட இல்லை. அது சரியான சொல்லாகவே இருக்கலாம். அவரே தனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டு இவ்வளவு காலம் இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கூழ் காய்ச்சும் நாட்களில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று ஒரு அகப்பையோடு நிறுத்துவாரே, உப்புப் பார்க்க மட்டும். அதை நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம். முழுக் கோப்பை குடித்து நான் அவரைக் கண்டதேயில்லை. இதை இப்போதுதான் கவனிக்கிறேன், இருபது வருசத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்துவிட்டு.

அன்றைக்குக் கடையைப் பூட்டும்போது, அப்படியென்றால் பிள்ளையின் கடதாசியில் இப்போதாவது உண்மையை எழுதலாமே, நான் டொச்சில் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"பேப்பருக்கு ஒருக்காப் பொய் சொல்லிப்போட்டன். இனி உண்மை சொல்லுறதெண்டால் ஆளுக்குத்தான் சொல்லவேணும். நீர் அவனுக்குச் சொல்லாதையும்."

அதன் பிறகுதான் லண்டனுக்கும் சுவிசுக்கும் போன் எடுத்து எடுத்து விசாரித்தார். யோகனின் அக்கா நெல்லியடியில் இருக்கிறாவாம். தம்பி எங்கோ இருக்கிறான் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாவாம். அவவுக்கு முன்னால் போய் நின்று சொல்லவேண்டும் என்கிறார். நான் கூடப் போகலாம் என்று சொன்னேன். நீர் வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உமக்கு முன்னாலை சொல்லியாச்சுத்தானே" என்றார். இன்னும் யாருக்கு முன்னால் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. உன் அறைக் கதவு திறந்து கிடந்தது, அவர் அதை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று நீ சொல்வாய், சரி. விமானத்துக்குப் பயம், அவருடைய பிரசருக்குப் பயம், அந்த அக்கா கதவைத் திறந்து என்ன சொல்லுவாவோ என்று பயம். எல்லாவற்றையும்விட, அவர் அங்கே போய், வாசலில் நின்று, வாய் வராமல், வேறு ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயம். அப்படி வந்தால் பிறகு இந்த வீட்டில் அவர் ஒருவருக்கும் எதுவும் சொல்லமாட்டார். நீ பக்கத்தில் நின்றால் போதும். நீ கதைக்கத் தேவையில்லை. மன்னிக்கத் தேவையில்லை. அந்த வாசலுக்கு நடக்கும்போது அவருடைய பையை நீ பிடித்துக்கொள்.

நேற்று அவர் அலுமாரியைத் திறந்து நீ செய்த பக்கெட்டுகளில் மிச்சம் இருந்தவற்றை எடுத்தார். யோகனின் அக்காவுக்காம். பனை நிற்கிற ஊருக்கு நாங்கள் இங்கிருந்து ஒடியல் மா கொண்டுபோகிறோமே, சிரிக்கப்போகிறார்கள் என்றேன். இது என்ரை மகன் கசப்பு எடுத்த மா, அங்கை இல்லை என்றார். உன்னை அப்படி, என்ரை மகன் என்று, நத்தாருக்குப் பிறகு முதல்முறையாகச் சொன்னார். பக்கெட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, நீ ஆய்வுக்கூடத்து எண் மட்டும்தான் போட்டிருந்தாய். பொதி கட்டும்போது கை தானாகப் போய்விட்டது, பேனையை எடுத்து, அரிசி மா எண்டு எழுதட்டோ என்று கேட்டுவிட்டேன். அவர் என் கையிலிருந்து பேனையை வாங்கினார். குனிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வொரு பக்கெட்டிலும் ஒடியல் மா என்று எழுதினார். தமிழிலும் எழுதினார், இங்கிலிசிலும் எழுதினார். விமான நிலையத்தில் என்ன சாமான் என்று கேட்டால் என்ன சொல்லுவீங்கள் என்றேன்.

"கேக்கட்டும். சொல்லுறன்."

பக்கெட்டுகள் இப்போது என் முன்னால் மேசையில் மை காய்ந்து கிடக்கின்றன. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஒருவருக்கா, இருவருக்கா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும் என்கிறார்கள். அப்பா ஒருவருக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார், நான் இன்னும் பொறுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வருவாயோ, வரமாட்டாயோ, எதுவென்றாலும் ஒரு வரி எழுது. கெதியாகப் பதில் போடு, அப்பன்.

அம்மா